சூட்டைச் சுமந்துபோகும் தண்ணீர்

“கையை வச்சுப் பாரு, மாப்பிள்ளை” என்றார் அத்தான்.

ஆக்லாந்து நகரத்தைத் தாண்டி, புல்வெளிக்கு நடுவில் இருக்கும் அவருடைய வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மேசைமேல் ஐம்பது லிட்டர் எஃகுப் பாத்திரம் முனகிக்கொண்டிருந்தது. அதன் தலையிலிருந்து கிளம்பிய செம்புக் குழாய் வளைந்து, செங்குத்தாகக் கீழே இறங்கியது. இறங்கும் பகுதியைச் சுற்றி இன்னொரு பெரிய குழாய். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிறது. அந்த வெளிக்குழாயின் உச்சியில் விரல் வைத்தேன். சுட்டது, எடுத்துவிட்டேன். ஒரு சாண் கீழே வெதுவெதுப்பு. இன்னொரு சாண் கீழே ஆற்று நீரில் கை வைத்தது போல ஜில்லென்று இருந்தது.

“சூடு எந்த இடத்துல நிக்குதோ அங்கதான் ஆவி முடியுது. அதுக்குக் கீழ வெறும் திரவம். அந்த இடம் கீழ இறங்கி வந்தா எனக்குத் தண்ணி பத்தலைன்னு அர்த்தம்.”

குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவர் அத்தான். முப்பது வருடமாகச் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதே அவருக்குத் தொழில். வீட்டில் மது வடிக்கும் பலரும் பாத்திரத்தைப் பற்றியும் ஊறலைப் பற்றியும்தான் பேசுவார்கள். அவர் தண்ணீரைப் பற்றிப் பேசினார். மது வடிப்பதில் அடுப்பு செய்வது பாதி வேலைதான். அடுப்பு ஏற்றிய சூடு முழுவதையும் இறக்கி வைத்தால்தான் ஒரு சொட்டு கிடைக்கும், அந்த வேலை தண்ணீருடையது. இந்த அத்தியாயம் அந்தத் தண்ணீரின் கணக்கு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் சுங்க, கலால் சட்டம் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் மது வடிப்பதை அனுமதித்தது, விற்கக்கூடாது. உலகில் இப்படி அனுமதிக்கும் நாடுகள் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். இலங்கையிலும் உரிமம் இல்லாமல் வடிக்க முடியாது. ஆனால் இங்கே பேசப்போகும் இயற்பியல், ரோஜாப் பன்னீர் வடிப்பவருக்கும் ஆய்வுக்கூடத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் எடுப்பவருக்கும் அனல்மின் நிலையப் பொறியாளருக்கும் அப்படியே பொருந்தும்.

வடித்தெடுப்பதற்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது. வாலை என்பது வடிக்கும் கருவி. வாலையில் வடித்தெடுத்த மருந்து தீநீர். வயிற்று உப்புசத்துக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓமத் தீநீர் அந்த வகையைச் சேர்ந்தது. சித்த மருத்துவம் அகமருந்துகளை முப்பத்திரண்டாகப் பிரிக்கிறது. அவற்றில் தீநீரும் ஒன்று. பழைய வாலையின் அமைப்பு எளிமையானது. கீழே கொதிக்கும் பாண்டம், அதன் வாயை மூடியபடி மேலே பச்சைத் தண்ணீர் நிரம்பிய பாத்திரம். ஆவி எழும்பி மேல்பாத்திரத்தின் குளிர்ந்த அடிப்புறத்தில் படிந்து, சொட்டாகத் திரண்டு, சரிவில் ஓடி வெளியே வரும். மேலே உள்ள தண்ணீர் சுட ஆரம்பித்ததும் அதை இறைத்துவிட்டு வேறு தண்ணீர் ஊற்ற வேண்டும். மருந்து வடிப்பவர் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான்: தீயைப் பார்த்தபடி தண்ணீரை மாற்றுவது.

அந்தத் தண்ணீர் ஏன் அவ்வளவு சீக்கிரம் சுடுகிறது? வடிந்திருப்பதோ ஒரு ஆழாக்கு. மேலே இருப்பது ஒரு குடம். ஒரு ஆழாக்கு ஆவி எப்படி ஒரு குடம் தண்ணீரைச் சூடாக்கும்?

இந்தக் கேள்வியைச் சரியான அளவைகளோடு கேட்டவர் ஜோசப் பிளாக். அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் கற்பித்தவர். 1762-இல் அவர் செய்த சோதனையை எந்தச் சமையலறையிலும் திரும்பச் செய்யலாம். தகரப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை ஒரே சீரான சூட்டில் வைத்தார். குளிர்ந்த தண்ணீர் கொதிநிலைக்கு வர ஏறத்தாழ 4 நிமிடம் ஆனது. கொதிக்க ஆரம்பித்த பிறகு அது முழுதாக வற்ற 20 நிமிடம் ஆனது. இந்த 20 நிமிடமும் தீ அதே வேகத்தில் சூட்டைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வெப்பமானி ஒரு கோடுகூட ஏறவில்லை. அவ்வளவு சூடும் எங்கே போனது? ஆவிக்குள் போய் ஒளிந்துகொண்டது என்றார் பிளாக். அதுதான் நாம் பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம்.

ஒளிந்த சூடு திரும்பி வருமா என்பது அடுத்த கேள்வி. 1764-இல் அவருடைய மாணவர் வில்லியம் இர்வின், பிளாக் சொன்னபடி, ஒரு சாதாரண ஆய்வுக்கூட வாலையை எடுத்துக்கொண்டார். ஆவியை வடித்து, குளிர்தொட்டியின் தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்று அளந்தார். அடுப்பில் ஆவி எடுத்துக்கொண்டதைத் தொட்டியில் கொடுத்துவிட்டது. ஸ்காட்லாந்தின் சாராயம் காய்ச்சுவோர் தலைமுறை தலைமுறையாகத் தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தொட்டியே அளவுக்கருவியாக மாறியது அப்போதுதான்.

அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டும் ஏறக்குறைய அதே சமயத்தில் தனியாக இதில் மோதினார். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து ஆவியைக் குழாய் வழியே கிணற்றுத் தண்ணீருக்குள் விட்டார். ஒரு பங்கு தண்ணீர் ஆவியாகப் போய், ஆறு பங்கு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கிவிட்டது. வியப்போடு பிளாக்கிடம் போய்ச் சொன்னார், பிளாக் விளக்கினார். இன்றைய எண்களில் பார்த்தால், ஒரு கிலோ நீராவி திரவமாகும்போது விடும் சூடு 2,257 கிலோஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 4.18 கிலோஜூல் போதும். 10 டிகிரியிலிருந்து 100-க்கு உயர்த்த 376. வகுத்துப் பாருங்கள், ஆறுதான் வருகிறது. 1765-இல் வாட் கண்டுபிடித்த தனிக் கண்டென்சர், நீராவி எஞ்சினை உலகை மாற்றும் இயந்திரமாக்கியது. எஞ்சினும் வாலையும் உறவுக்காரர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். இரண்டிலும் ஆவியின் சூட்டை எங்கே இறக்குவது என்பதே அடிப்படைச் சிக்கல்.

இப்போது கொட்டகைக்குத் திரும்புவோம். அத்தானின் பாத்திரத்தில் 2,000 வாட் ஹீட்டர். கொதி வந்தபிறகு ஒவ்வொரு நிமிடமும் 120 கிலோஜூல் சூடு ஆவியாக மேலே ஏறுகிறது. பாத்திரச் சுவர் வழியே கொஞ்சம் வீணாகும். வடிந்த திரவத்தை மேலும் குளிரவைக்கக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 120 கிலோஜூலையும் தண்ணீர் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

தண்ணீர் 18 டிகிரியில் உள்ளே வந்து 58 டிகிரியில் வெளியே போனால், ஒவ்வொரு லிட்டரும் 167 கிலோஜூலைச் சுமக்கிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாகவே போதும். ஆறு மணி நேர ஓட்டத்துக்கு 260 லிட்டர். பயத்தில் குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, வெளியே வரும் தண்ணீர் 28 டிகிரியிலேயே போகும்படி விட்டால் ஒவ்வொரு லிட்டரும் 42 கிலோஜூலைத்தான் சுமக்கும். அதே ஆறு மணி நேரத்துக்கு ஆயிரம் லிட்டர் போய்விடும். நம் வீடுகளில் வாங்கும் 20 லிட்டர் கேன் கணக்கில் முன்னது பதின்மூன்று கேன், பின்னது ஐம்பது கேன். இறக்கிய சூடு இரண்டிலும் ஒன்றுதான். சாக்கடையில் போகும் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம்; உண்மையில் அது பாதி வேலைகூடச் செய்யாமல் போன தண்ணீர்.

இங்கே பலரும் தவறும் ஓர் இடம் உண்டு. ஊறலிலிருந்து நேராக வடிக்கும்போது ஓட்டத்தின் முற்பகுதியில் ஆல்கஹால் அதிகமாக வருகிறது. அப்போது சொட்டும் வேகம் அதிகம். நேரம் போகப்போக ஊறலில் ஆல்கஹால் குறைந்து, ஆவியில் தண்ணீரின் பங்கு கூடுகிறது. சொட்டு மெல்ல ஆரம்பிக்கிறது. “வருவது குறைந்துவிட்டதே, தண்ணீரையும் குறைக்கலாம்” என்று தோன்றும். குறைத்தால் ஆவி தப்பும். ஒரு கிலோ ஆல்கஹால் ஆவி திரவமாகும்போது விடுவது சுமார் 840 கிலோஜூல்; தண்ணீர் ஆவி விடுவது அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆவி குறைகிறது, ஒவ்வொரு துளி ஆவியும் சுமக்கும் சூடு கூடுகிறது. ஹீட்டர் மாறாதவரை குளிர்நீரின் வேலையும் மாறாது. குளிர்நீருக்கு எஜமான் ஹீட்டர்தான். சொட்டும் வேகத்தைப் பார்த்துத் தண்ணீரைத் திருகக்கூடாது.

கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். உள்குழாயைச் சுற்றிக் கண்ணாடிச் சட்டை போட்ட லீபிக் குளிர்விப்பானை முதல் முறை மாட்டியபோது, தண்ணீர் குழாயை மேல் முனையில் செருகினேன். மேலிருந்து விட்டால் தானாகக் கீழே ஓடும், அதுதான் இயல்பு என்று நினைத்தேன். தண்ணீர் கண்ணாடிச் சட்டையின் அடிப்பக்கச் சுவரை மட்டும் நனைத்துக்கொண்டு சரிந்து ஓடியது, மேற்பாதி காற்று. சில நிமிடங்களில் சேகரிப்புக் குடுவையின் வாயிலிருந்து புகை போல ஒன்று எழும்பியது; மூக்கில் ஆல்கஹால் நெடி. லேப் அட்டெண்டர் ஓடி வந்து முதலில் பர்னரை அணைத்தார். பிறகு குழாய்களை மாற்றிச் செருகியபடி, “கீழ விடு, மேல எடு. சட்டை ரொம்பித்தான் வழியணும்” என்றார். அந்த நான்கு சொல்லுக்குள் வெப்பப் பரிமாற்றப் பாடமே அடங்கியிருந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

கீழே விட்டால் சட்டை முழுக்க நிரம்பும் என்பது ஒரு காரணம். இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. ஆவி மேலிருந்து கீழே வருகிறது. தண்ணீர் கீழிருந்து மேலே போகிறது. இருவரும் எதிரெதிரே நடக்கிறார்கள். வெளியேறப்போகும் சொட்டு கடைசியாகச் சந்திப்பது அப்போதுதான் உள்ளே வந்த, மிகக் குளிர்ந்த தண்ணீரை. அதனால் சொட்டு நன்றாகக் குளிர்ந்து விழுகிறது. வெளியேறப்போகும் தண்ணீர் கடைசியாகச் சந்திப்பது அப்போதுதான் உள்ளே நுழைந்த, மிகச் சூடான ஆவியை. அதனால் தண்ணீர் நிறையச் சூட்டை ஏற்றிக்கொண்டு போகிறது. இப்படிச் செய்தால் 58 டிகிரித் தண்ணீரும் 20 டிகிரிச் சொட்டும் ஒரே குழாயிலிருந்து கிடைக்கும். இருவரும் ஒரே திசையில் நடந்தால் அது நடக்கவே நடக்காது; முடிவில் இரண்டும் ஒரே சூட்டை நெருங்கிவிடும்.

இந்த எதிரோட்டக் குளிர்விப்பானுக்கு யூஸ்டஸ் ஃபான் லீபிக்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதைப் பரப்பியவர் அவர்தான், கண்டுபிடித்தவர் அவர் அல்லர். ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஏரன்ஃபிரீட் வைகல் 1771-லேயே இதை விவரித்திருக்கிறார். லீபிக் அப்போது பிறந்திருக்கவே இல்லை. குழாயைச் சுருளாக்கித் தண்ணீரில் முக்கும் யோசனை அதைவிடப் பல நூற்றாண்டு பழையது: 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோன்யாவில் இருந்த மருத்துவர் தத்தேயோ ஆல்தெரோட்டி, பாம்பு போல் வளைந்த குழாயையும் அதைச் சுற்றித் தொடர்ந்து வரும் புதுத் தண்ணீரையும் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பாம்புக் குழாய் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் ஸ்காட்லாந்து. அங்கே அதைப் புழு என்கிறார்கள். புழு கிடக்கும் தொட்டி புழுத்தொட்டி. வடிசாலைக்கு வெளியே, திறந்த வெளியில், மரத்தாலோ வார்ப்பிரும்பாலோ ஆன பெரிய தொட்டி. உள்ளே செம்புக் குழாய் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும். இறங்க இறங்கக் குழாய் சிறுத்துக்கொண்டே போகும். ஆவி திரவமாகிச் சுருங்கிவிடுவதால் அதற்கு அவ்வளவு இடம் தேவையில்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடை தொட்டியின் அடியில் நுழைந்து மேலே வழியும்.

ஸ்காட்லாந்தில் மிக உயரமான இடத்தில் இருக்கும் வடிசாலைகளில் ஒன்றான டால்வினியில் 1986-இல் இந்தத் தொட்டிகளை எடுத்துவிட்டு, நவீன வகைக் குளிர்விப்பான்களை வைத்தார்கள். அதில் ஓர் உருளைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய செம்புக் குழாய்கள் இருக்கும், குழாய்களுக்குள் தண்ணீர், வெளியே ஆவி. இடம் குறைவு, சிக்கனம், பராமரிப்பு எளிது. எல்லாம் சரி, விஸ்கிதான் மாறிப்போனது. 1995-இல் புழுத்தொட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஊறல் அதே, ஈஸ்ட் அதே, பாத்திரம் அதே. மாறியது ஆவியைக் குளிரவைத்த விதம் மட்டும். அதற்குள் சுவை எப்படி மாறும்? விடை செம்பில் இருக்கிறது. நொதித்தலில் உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் வேகவைத்த முட்டைக்கோஸ், கருகிய தீக்குச்சி போன்ற நெடி கொண்டவை. சூடான ஆவி செம்பைத் தொடும்போது செம்பு அவற்றில் பலவற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. நூறு குழாய் உள்ள குளிர்விப்பானில் ஆவிக்குச் செம்போடு உறவாட ஏராளமான பரப்பு. புழுவில் ஒரே குழாய். அதுவும் ஓடைத் தண்ணீர் கடுங்குளிராக இருந்தால் ஆவி சட்டென்று திரவமாகிவிடும், செம்போடு பேச நேரமே இருக்காது. கந்தகம் தப்பி வந்து மதுவுக்குக் கனத்தைக் கொடுக்கும். ராயல் லாக்நகர் வடிசாலையில் இதே புழுத்தொட்டியை வேண்டுமென்றே வெதுவெதுப்பாக வைத்து, ஆவி நிதானமாகத் திரவமாகும்படி செய்து, மெல்லிய மதுவை எடுக்கிறார்கள். இந்த இரண்டு வடிசாலைகளின் கதையை முதன்முதலில் படித்தபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குளிர்நீர் வெறும் சுமைதூக்கி என்று அதுவரை நினைத்திருந்தேன். அதன் சூடு ஏறினாலும் இறங்கினாலும் அது புட்டிக்குள் தெரிகிறது.

ஓடையை நம்பியிருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. கோடையில் ஓடை வற்றும், வற்றாவிட்டாலும் சுடும். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்து வடிசாலைகள் கோடை மாதங்களில் அடுப்பை அணைத்துவிடும். மௌனப் பருவம் என்று அதற்குப் பெயர். குளிர்நீர் இல்லாமல் அடுப்பை ஏற்றக்கூடாது என்பதை அவர்கள் நாட்காட்டியிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

வீட்டுக் கொட்டகையில் நாட்காட்டி உதவாது. அங்கே குளிர்நீரின் எதிரி சமையலறைதான். அத்தானிடம் இன்னொரு வாலை இருக்கிறது. பாத்திரத்தின் மேல் உயரமான தூண் வைத்தது. தூணின் உச்சியில் ஒரு குளிர்விப்பான், மேலே வரும் ஆவியில் பெரும்பகுதியைத் திரவமாக்கித் தூணுக்குள்ளேயே திருப்பி விழவைக்கும். விழும் திரவமும் ஏறும் ஆவியும் தூணுக்குள் மீண்டும் மீண்டும் சந்தித்து, தண்ணீர் கீழேயும் ஆல்கஹால் மேலேயும் பிரிகின்றன. இப்படி எவ்வளவு பிரித்தாலும் எடையில் ஏறத்தாழ 95.6 சதவீத ஆல்கஹாலோடு நின்றுவிடும். அந்த விகிதத்தில் ஆவியும் திரவமும் ஒன்றுபோல ஆகிவிடுவதால் மேலே பிரிக்க முடியாது. இந்த வகையில் எவ்வளவு ஆவி திரும்பி விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது உச்சிக் குளிர்விப்பானில் ஓடும் தண்ணீர்.

“ஆரம்பத்துல வீட்டுக் குழாய்லதான் மாட்டியிருந்தேன்” என்றார் அத்தான். “அக்கா சமையலறைல பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தா, இங்க வெப்பமானி ஆடும். பிள்ளைங்க யாராவது கக்கூஸ்ல தண்ணி விட்டா அரை டிகிரி ஏறும். அரை டிகிரின்னா மேல நிக்க வேண்டியதுக்குப் பதிலா கீழ இருக்கிறது ஏறி வந்துடும்.”

வீட்டுக் குழாயின் அழுத்தம் நிலையானதல்ல. ஒரு குழாய் திறந்தால் இன்னொன்றில் வரத்து குறையும். குளிர்நீரே ஸ்டியரிங்காக இருக்கும் வாலையில் இது வண்டி ஓடும்போது யாரோ ஸ்டியரிங்கைத் தட்டிவிடுவது போல. அதனால்தான் வீட்டில் வடிப்பவர்கள் காலப்போக்கில் வேறு வடிவங்களுக்கு மாறினார்கள்: உச்சியில் ஆவி முழுவதையும் திரவமாக்கிவிட்டு, அந்தத் திரவத்தில் எவ்வளவு வெளியே எடுப்பது என்பதை ஊசி வால்வால் கட்டுப்படுத்துவது. அப்போது குளிர்நீர் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடினாலே போதும். அழுத்தம் ஏறி இறங்குவது பெரிதாகப் பாதிக்காது. கட்டுப்பாட்டைத் தண்ணீரின் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்கள்.

ஆட்டம் பரவாயில்லை, தண்ணீர் நின்றே போனால்? இது உயிர் சம்பந்தப்பட்டது. ஹீட்டர் எரிய, தண்ணீர் ஓடாவிட்டால், சட்டையில் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் சில நிமிடங்களில் கொதிக்கும். அதன்பிறகு ஆவி குழாயின் மறுமுனை வழியே நேராக அறைக்குள் வரும். ஆல்கஹால் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து மூலையில் தேங்கும். காற்றில் அது 3.3 சதவீதத்தைத் தொட்டாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். நீலத் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பம்பின் பிளக் கழன்றுவிடுவது, ரப்பர் குழாய் மடங்கிப்போவது, பம்பின் வாயில் இலை அடைத்துக்கொள்வது போன்ற சின்னக் காரணங்கள்தான் இதற்குப் பின்னால் இருக்கும். அத்தான் தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு வெப்ப உணரி வைத்திருக்கிறார். தண்ணீர் 65 டிகிரியைத் தாண்டினால் ஹீட்டரின் மின்சாரம் தானாக அறுந்துவிடும். அதோடு வாலை ஓடும்போது அவர் கொட்டகையை விட்டு நகர்வதில்லை. தண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகே ஹீட்டர். ஹீட்டர் அணைந்து பத்து நிமிடம் கழித்தே தண்ணீரை நிறுத்துவது. இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

சரி, தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தினால்? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது 200 லிட்டர் டிரம். பம்பு வைத்து டிரம்மிலிருந்து எடுத்து, டிரம்முக்கே திருப்பி விடுவது. ஆறு மணி நேரம் 2,000 வாட் என்றால் பன்னிரண்டு யூனிட் மின்சாரம். மொத்தம் 43,200 கிலோஜூல். அது முழுவதும் 200 லிட்டரில் இறங்கினால் தண்ணீர் 52 டிகிரி ஏறும். காலையில் 20 டிகிரியில் தொடங்கியது மாலையில் 72. பாதி ஓட்டத்திலேயே குளிரவைக்கும் சக்தி போய்விடும்.

ஐஸ் போடலாமே என்பார்கள். ஐந்து கிலோ ஐஸ் உருகும்போது 1,670 கிலோஜூலை வாங்கிக்கொள்ளும். கேட்கப் பெரிதாக இருக்கிறது; ஆனால் நம் ஹீட்டருக்கு அது பதினான்கு நிமிட வேலை. முழு ஓட்டத்துக்கும் ஐஸை மட்டும் நம்பினால் சுமார் 130 கிலோ வேண்டும்.

இதற்கு நல்ல விடை நம் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையின் துளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பிளாக் கண்டுபிடித்த அதே உள்ளுறை வெப்பம்தான் இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. சுற்றும் தண்ணீரைச் சல்லடை போன்ற ஒன்றின் மேல் தெளித்து, விசிறியால் காற்றடித்து, அதில் கொஞ்சத்தை ஆவியாகவிட்டால், ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 2,400 கிலோஜூலை வானத்துக்கு எடுத்துப்போகும். 43,200-ஐ இறக்க 18 லிட்டர் போதும். ஒரு கேன்கூட முழுதாகத் தேவையில்லை! குழாயைத் திறந்துவிட்டு ஐம்பது கேன் செய்த வேலை அது. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் இடுப்பு சிறுத்த பிரம்மாண்டக் கோபுரங்கள் செய்வதும் இதுதான். அவற்றின் தலையில் தெரியும் வெண்புகை, நீராவி குளிர்ந்து திரண்ட நுண்துளிகள். மண்பானைத் தண்ணீர் மதுரையில் ஜில்லென்று இருக்கிறது, சென்னையில் அவ்வளவு குளிர்வதில்லை என்பது நமக்குத் தெரியும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும். கடலோர ஆக்லாந்திலும் அதே சிக்கல்.

ஆவியாக விட்டால் இன்னொரு தொல்லை: நீர் போகும், உப்பு தங்கும். சுற்றச் சுற்றத் தண்ணீர் கடினமாகிக்கொண்டே வரும். சூடான இடத்தில், குறிப்பாக 60 டிகிரிக்கு மேல், சுண்ணாம்பு உப்பு குழாய்ச் சுவரில் வெள்ளைத் தோலாகப் படியும். போர் தண்ணீர் வரும் வீட்டில் கீசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தோல் தெரியும். செம்பு சூட்டைக் கடத்துவதில் ராஜா. அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்பு படிந்தால் அந்த ராஜாவுக்குக் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும்.

அத்தான் இந்த எல்லாச் சிக்கலையும் ஒரே அடியில் தீர்த்துவிட்டார். குழாய்நீர் எட்டாத பகுதிகளில் நியூசிலாந்து வீடுகள் கூரையில் விழும் மழைநீரைத்தான் நம்பியிருக்கின்றன. அவர் வீட்டிலும் 25,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு. ஒன்று குடிக்க, மற்றது தோட்டத்துக்கு. தோட்டத் தொட்டியின் அடியில் சிறிய பம்பு. அங்கிருந்து கொட்டகைக்குத் தண்ணீர் வந்து, வாலையைச் சுற்றி, தொட்டியின் மேல்வாய்க்கே திரும்புகிறது. ஆறு மணி நேரச் சூடு முழுவதும் இறங்கினாலும் அவ்வளவு தண்ணீர் அரை டிகிரிகூட ஏறாது. இரவு வந்தால் அந்தக் கொஞ்சமும் குளிர்ந்துவிடும். ஒரு சொட்டும் செலவில்லை, மழைநீர் என்பதால் சுண்ணாம்பும் இல்லை, சமையலறைக் குழாயோடு எந்தத் தொடர்பும் இல்லை. குடிநீர்த் தொட்டியை மட்டும் இதற்குத் தொடுவதில்லை என்பதில் அவர் கறாராக இருக்கிறார். எங்காவது ஒட்டு விட்டு மது கலந்தால் வீடே அதைக் குடிக்க வேண்டியிருக்கும்.

வெளியே போகும் சூட்டை வீணாக்காத இடங்களும் இருக்கின்றன. ஐலா தீவின் பௌமோர் வடிசாலை தன் பழைய கிடங்கு ஒன்றை ஊருக்குக் கொடுத்தது. அங்கே இப்போது நீச்சல்குளம். குளத்தின் தண்ணீரை வெதுவெதுப்பாக வைப்பது வடிசாலையின் கழிவுச் சூடு. கிளென் கேரி வடிசாலையில் 1970-களின் பிற்பகுதியில் கண்ணாடிக் கூடங்கள் கட்டி, அந்தச் சூட்டில் தக்காளி வளர்த்தார்கள்.

அத்தானும் சூட்டில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்கிறார். ஓட்டம் முடியும் நேரம், திரும்பிப் போகும் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் விட்டார். தண்ணீர் வரத்தைக் கொஞ்சம் குறைத்ததும் வாளியில் விழுந்தது நல்ல வெந்நீர். ஹீட்டரை அணைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வாளி நிரம்பியது, இன்னொன்று வைத்தார். இரண்டாவது வாளியில் விழுந்தது ஆறிக்கொண்டே வந்தது. நான் மீண்டும் போய் வெளிக்குழாயின் உச்சியில் விரல் வைத்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே குளிர்ச்சி. “இப்ப நிறுத்தலாம்” என்றார். பம்பின் முனகலும் நின்றது. முதல் வாளி வெந்நீரை எடுத்துக்கொண்டு, ஊறல் போட்ட டிரம்மைக் கழுவ வெளியே போனோம்.